விஜய் ஐயரோட 'அனீஸி' ஆல்பம்: வருஷக்கணக்கா கேட்டதுக்கு அப்புறம்

ஜாஸ் பியானிஸ்ட் விஜய் ஐயரோட 'அனீஸி' (Uneasy, மனசு நிலைகொள்ளாம உறுத்தறதுன்னு அர்த்தம்) 2021 ஏப்ரல்ல வந்துச்சு, அப்ப ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் வீட்ல அது ஓடாத மாசமே கிடையாது. புதுசா வந்த ஆல்பத்தை ரெண்டு வாரம் கேட்டுட்டு எழுதலாம் தான், ஆனா எந்த டிராக் தேயுது எது தேயாம நிக்குதுன்னு கூடவே வச்சு வாழ்ந்தா தான் தெரியும், அதனால தான் இவ்வளவு நாள் கழிச்சு எழுதறேன். முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். பியானிஸ்ட் பேர்ல வந்த ஆல்பமா இருந்தாலும் இதுக்குள்ள நுழையற வாசல் பேஸ் தான், அதாவது கீழ் சுரம் குடுக்கற அந்த பெரிய தந்தி வாத்தியம், அதுல லிண்டா மே ஹான் ஓ என்ன வாசிக்கிறாங்கன்னு மட்டும் பிடிச்சுட்டு போங்க, மத்ததெல்லாம் தானா பின்னாடியே வரும்.

விஜய் ஐயர் யாருன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. அமெரிக்காவுக்கு குடிபோன தமிழ்க் குடும்பத்துல 1971ல நியூயார்க் மாநிலத்து ஆல்பனில பொறந்தவரு, மூணு வயசுலேயே வயலின் கத்துக்க ஆரம்பிச்சு முறையா படிச்சிருக்காரு, ஆனா பியானோ பெரும்பாலும் காதால கேட்டு தானா வந்தது. யேல் யுனிவர்சிட்டில கணக்கும் இயற்பியலும், அப்புறம் கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில இயற்பியல் பிஎச்டிக்குன்னு போயி அங்கேயே திசை மாறி, இசையை மனுஷ உடம்பும் மூளையும் எப்படி உணருதுன்னு ஆராய்ச்சி பண்ணி 1998ல டாக்டர் பட்டம் வாங்குனாரு. 2013ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப், 2014லேருந்து ஹார்வர்ட்ல பேராசிரியர். இவ்வளவு போதும், வாசிப்புக்கு வருவோம்.

அவர் பேரைச் சொன்னா நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது பழைய ட்ரியோ தான், அதாவது மூணு பேர் குழு, பியானோ இவரு, ஸ்டீஃபன் கிரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். 2009ல 'ஹிஸ்டாரிசிட்டி', 2012ல 'ஆக்ஸலராண்டோ', 2015ல 'பிரேக் ஸ்டஃப்', இந்த மூணு ஆல்பத்தையும் கேட்டவங்களுக்கு தெரியும், அந்த செட்டு எவ்வளவு இறுக்கம்னு. 'ஹிஸ்டாரிசிட்டி'ல எம்.ஐ.ஏ.வோட 'கலாங்' பாட்டை எடுத்து வெறும் பியானோ பேஸ் டிரம்ஸ்ல போட்டு கிழிச்சிருப்பாங்க, ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துல வந்த மாயா அருள்பிரகாசம் லண்டன்ல பண்ண பாட்டை அமெரிக்காவுல வளர்ந்த தமிழர் ஒருத்தர் ஜாஸ் ட்ரியோவுக்கு கொண்டு வந்திருக்காருன்னு தெரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல. கில்மோர் வேற, பெரிய டிரம்மர் ராய் ஹெய்ன்ஸோட பேரன், அவர் கையில தாளம் பொடிப்பொடியா உடைஞ்சு அப்படியே துல்லியமா திரும்ப ஒட்டிக்கும். 'பிரேக் ஸ்டஃப்'ல டெட்ராய்ட்ல டெக்னோங்கற மெஷின் இசை பண்ற ராபர்ட் ஹுட்டுக்காக 'ஹுட்'னு ஒரு டிராக் இருக்கு, மெஷின் ஓடற மாதிரியே இருக்கும், ஆனா அடிக்கறது மூணு மனுஷங்க.

அப்படி ஒரு செட்டு கையில இருக்கறப்ப தான் 2019 டிசம்பர்ல வேற ரெண்டு பேரோட ஸ்டுடியோவுக்குள்ள போறாரு. நியூயார்க் பக்கத்துல மவுண்ட் வெர்னன்ல ஆக்டாவன் ஆடியோன்னு ஒரு ஸ்டுடியோ, அங்க தான் ரெக்கார்டிங். டிரம்ஸ்ல டைஷான் சோரி, பேஸ்ல லிண்டா. சோரி அவருக்கு புதுசு இல்ல, சாக்ஸபோன் வாசிக்கற ஸ்டீவ் லேமனோட சேர்ந்து 'ஃபீல்ட்வொர்க்'னு ஒரு குழுவுல ரொம்ப வருஷமா கூட வாசிச்சவரு, 2017ல வந்த 'ஃபார் ஃப்ரம் ஓவர்' ஆறு பேர் ஆல்பத்துலயும் டிரம்ஸ் அவர் தான். லிண்டா மலேசியாவுல பொறந்து ஆஸ்திரேலியாவுல பெர்த்ல வளர்ந்தவங்க, கிதாரிஸ்ட் பாட் மெத்தனியோட பேண்ட்ல வாசிச்சவங்க. கனடாவுல பான்ஃப்ங்கற மலை ஊர்ல வருஷா வருஷம் நடக்கற ஜாஸ் பட்டறையை விஜய் ஐயர் நடத்திட்டு இருந்தாரு, சோரியும் லிண்டாவும் அங்க சொல்லிக்குடுக்க வருவாங்க, அந்த இடத்துல தான் மூணு பேரும் சேர்ந்து வாசிச்சு இது நல்லா இருக்கேன்னு பிடிச்சுக்கிட்டது. ரெக்கார்ட் பண்ணி முடிச்ச கொஞ்ச நாள்ல உலகமே பூட்டிக்கிச்சு, ஆல்பம் வெளிய வர 2021 ஏப்ரல் 9 ஆயிடுச்சு.

இப்ப வித்தியாசத்துக்கு வர்றேன், ஏன்னா பழைய ட்ரியோவை பிடிச்சவங்க கேக்கற முதல் கேள்வியே இது தான், அதே ஆளு அதே பியானோ, என்ன மாறிடுச்சு? என் காதுக்கு மாறினது பாரம் எங்க உக்காருதுங்கறது. கிரம்ப்–கில்மோர் கூட வாசிக்கறப்ப மூணு பேரும் ஒரே கணக்குக்குள்ள நின்னு ஒண்ணா அழுத்துவாங்க, அந்த அழுத்தம் தான் அங்க ருசி. இங்க சோரி நிறைய நேரம் அடிக்காமலே இருக்காரு. சிம்பலை லேசா தொட்டுட்டு விட்டுடறாரு, ஒரு சுத்து முழுக்க ஒண்ணும் போடாம இருந்துட்டு திடீர்னு மொத்த டிரம் செட்டையும் ஒரு உலுக்கு உலுக்கறாரு. அவரை டிரம்மர்னு மட்டும் நினைச்சுட்டு கேட்டா பாதி புரியாது, அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதற கம்போசர், 2024ல இசைக்கான புலிட்சர் பரிசே வாங்குனவரு, அதனால எங்க சத்தம் வேணும் எங்க வேணாம்னு மொத்த பாட்டையும் மேலேருந்து பாத்துட்டே அடிக்கறாரு. இந்த மாதிரி டிரம்மர் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அலையலையா வாசிச்சுட்டு போற விஜய் ஐயர். நடுவுல பிடி இல்லேன்னா ரெண்டும் ஆளுக்கொரு திசையில போயிடும். தேர் இழுக்கறப்ப வடம் பிடிக்கறவங்க நூறு பேர் இருந்தாலும் திருப்பத்துல தேர் எந்தப் பக்கம் திரும்பணும்னு தீர்மானிக்கறது சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடறவர் தானே, லிண்டா இங்க செய்யறது அந்த வேலை. பெருசா கத்தல் கிடையாது, நான் இருக்கேன் பாருன்னு காட்டிக்கறது கிடையாது, சரியான இடத்துல ஒரு சுரம், அவ்வளவு தான், பாட்டு திரும்பிடுது.

புதுசுல எனக்கு காதுல முழுக்க பியானோ தான் நின்னுச்சு, இயல்பு தானே, அது தான் முன்னாடி இருக்கு. ஒரு நாள் ராத்திரி 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளிண்ட்' ஓடறப்ப பியானோவை விட்டுட்டு பேஸ் பின்னாடியே போனேன், அதுலேருந்து இந்த ஆல்பமே எனக்கு வேற ஆயிடுச்சு, அதே டிராக்ல பியானோ எடுக்கற முடிவெல்லாம் எங்கேருந்து வருதுன்னு தெரிய ஆரம்பிச்சுது. லிண்டா ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தினா விஜய் ஐயரோட இடது கை ஒதுங்குது, அவங்க மேல ஏறினா இவர் கீழ வர்றாரு. பேச்சுல மரியாதை தெரிஞ்ச ரெண்டு பேர் பேசிக்கறத கேக்கறப்ப ஒரு நிம்மதி வரும்ல, அது இங்க இருக்கு.

ஆல்பத்தோட முதல் டிராக்கே இந்த 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளிண்ட்' தான், பேருக்கு பின்னாடி இருக்கற கதை தெரிஞ்சா இன்னும் கனமா இருக்கும். மிச்சிகன் மாநிலத்துல ஃபிளிண்ட்னு அப்ப சுமார் ஒரு லட்சம் பேர் இருந்த ஊரு, காசு மிச்சம் பண்றோம்னு 2014 ஏப்ரல்ல ஊருக்கு வர்ற குடிதண்ணியை டெட்ராய்ட் லைன்லேருந்து ஃபிளிண்ட் ஆத்துக்கு மாத்துனாங்க, குழாய் அரிக்காம இருக்க போட வேண்டிய மருந்தையும் போடல, பழைய ஈயக் குழாய்லேருந்து ஈயம் தண்ணில கலந்து குழந்தைங்க குடிச்சுது. பெரும்பான்மை கறுப்பின மக்கள் இருக்கற ஊரு. தண்ணி கலங்கி நாத்தம் அடிக்குதுன்னு அவங்க சொல்லச் சொல்ல நல்ல தண்ணி தான்னு அதிகாரிங்க சொல்லிட்டே இருந்தாங்க. இந்த விஷயத்துக்கு ஒருத்தர் ஆங்காரமா வாசிச்சிருந்தா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க, ஆனா விஜய் ஐயர் இதை தாலாட்டுக்கு பக்கத்துல கொண்டு போய் வச்சிருக்காரு, மெதுவா, அழகா, ஆனா எங்கேயோ ஒரு இடத்துல சுருதி ஒரு மாதிரி கசக்குது, அந்த கசப்பு ஒவ்வொரு சுத்துலயும் திரும்ப வருது. கேட்டுக் கேட்டு எனக்கு மழுங்காத டிராக்ல இது முதல் வரிசை.

அடுத்தது 'காம்பாட் ப்ரீதிங்'. 2014ல பிளாக் லைவ்ஸ் மேட்டர் போராட்டத்தோட தோள் குடுத்து புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்ல பண்ண நிகழ்ச்சிக்காக உருவானது. எரிக் கார்னர் போலீஸ் பிடியில மூச்சு விட முடியலன்னு சொல்லிட்டே செத்த வருஷம் அது. ட்ரியோ இதை ரெக்கார்ட் பண்ணது 2019 கடைசில, 2020 மே மாசம் ஜார்ஜ் ஃபிளாய்டும் அதே மாதிரி மூச்சுக்காக கெஞ்சி செத்தாரு, ஆல்பம் கைக்கு வர்றப்ப அந்த வழக்கு கோர்ட்ல நடந்துட்டு இருந்துச்சு. 2014ல எழுதுன பாட்டு பழசாகவே விடாம நாடு பாத்துக்கிச்சுன்னு நினைக்கறப்ப வயிறு கலங்குது. வாசிப்புல சோரி இங்க கொஞ்சமும் விடல, தாளம் உள்ள உள்ள மடிஞ்சு போயிட்டே இருக்கும், தொடையில தாளம் போட்டுட்டு கேட்டா ரெண்டு சுத்துல கை தப்பும், அதுவும் ஒரு அனுபவம் தான், தப்பினா விட்டுட்டு பேஸை பிடிங்க, சமம் எங்கன்னு லிண்டா காட்டிக் குடுப்பாங்க.

'நைட் அண்ட் டே', கோல் போர்ட்டர் 1932ல எழுதினது, ஜாஸ்ல வாசிக்காதவங்களே இல்லாத பாட்டு. இதுல விஜய் ஐயர் கண்ணு வச்சிருக்கறது 1964ல சாக்ஸபோன் ஜோ ஹெண்டர்சன் பண்ண ரெக்கார்டிங் மேல, அதுல பியானோ மக்காய் டைனர். டைனரும் அப்ப தன்னோட வழக்கமான குழு, அதாவது சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோட நாலு பேர் குவார்டெட்டுக்கு வெளிய வந்து இன்னொருத்தர் செட்டுல வாசிச்சிருக்காரு, அதைத் தன் செட்டுக்கு வெளிய வந்து நிக்கற இன்னொரு பியானிஸ்ட் தொட்டுக் கும்பிடறாருங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். இந்த ட்ரியோ ரெக்கார்ட் பண்ணி மூணு மாசத்துல, 2020 மார்ச் 6ல, டைனர் காலமாயிட்டாரு. ஜாஸ் பழக்கமே இல்லாத யாருக்காவது இந்த ஆல்பத்தை அறிமுகம் பண்ணணும்னா நான் இங்கேருந்து தான் ஆரம்பிப்பேன், மெட்டு தெரிஞ்ச மெட்டு, அதனால அவங்க எங்க விலகறாங்க எங்க திரும்பறாங்கன்னு யாருக்கும் பிடிபடும், லிண்டாவோட நடை இதுல அவ்வளவு நல்லா கேக்கும்.

'டூபா' மைக் லாட்னு ஒரு ராப் கவிஞரோட சேர்ந்து எழுதினது. நல்ல டிராக், ஆனா நான் திரும்பத் திரும்ப போனது இல்ல, வந்தா கேப்பேன், தேடிப் போக மாட்டேன்.

'டிரம்மர்ஸ் சாங்' பத்தி மட்டும் தனியா ஒரு பதிவே போடலாம். ஜெரி ஆலன் எழுதினது, டெட்ராய்ட்ல வளர்ந்த பியானிஸ்ட், 2017ல அறுபது வயசுல கேன்சர்ல போயிட்டாங்க. பெரிய பேர் எல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்கற பியானோ வரலாத்துல அவங்களுக்கு கிடைக்க வேண்டிய இடம் இன்னும் முழுசா கிடைக்கலன்னு நான் நினைக்கறேன், விஜய் ஐயர் அவங்க பேரை விடாம சொல்லிட்டே வர்றாரு, சொல்றதோட நிக்காம வாசிக்கவும் செய்யறாரு. பியானோல சின்னதா ஒரு உரு, அதுவே சுத்திச் சுத்தி வருது, அந்த உருவுக்கு நடுவுல இருக்கற இடைவெளில டிரம்ஸ் உக்காரணும், பேர்லேயே இருக்கு பாருங்க யாருக்கான பாட்டுன்னு. சோரி இதுல வாசிக்கறது நம்ம ஊர் தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே ஒட்டும், தனியா விட்டு கைதட்டல் வாங்கற சோலோவா இல்லாம பாட்டு ஓட ஓட அதுக்குள்ளேயே கணக்கு வளருது. வேலை நேரத்துல இதை போட்டா என்னால வேலை பாக்க முடியாது, அதனால போடறது இல்ல.

அதுக்கப்புறம் வர்ற 'ஆகரி' பியானோ மட்டும், சின்ன டிராக், மூச்சு வாங்கிக்க ஒரு இடம். அப்புறம் 'கான்ஃபிகரேஷன்ஸ்'. இது 2001ல 'பனாப்டிக் மோட்ஸ்' ஆல்பத்துலயே இருந்த பாட்டு, அதுல ருத்ரேஷ் மகந்தப்பாவோட சாக்ஸபோன் இருக்கும், ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, இளைஞரா இருந்தப்ப எழுதின அதே கணக்கை கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு எவ்வளவு காத்தோட்டமா வாசிக்கிறாருன்னு தெரியும். ஆல்பத்தோட பேர் கொண்ட 'அனீஸி' 2011ல நடன அமைப்பாளர் கரோல் ஆர்மிட்டேஜோட சேர்ந்து பண்ண நிகழ்ச்சிக்காக எழுதினது, ஒபாமா காலம், எல்லாம் சரியாயிட்டு வருதுன்னு வெளிய பேச்சு, உள்ள ஏதோ உறுத்தல், அந்த உறுத்தலை தான் பிடிச்சிருக்காரு. மெதுவா ஆரம்பிச்சு போகப் போக கொந்தளிக்கற பாட்டு. அட்டையில கறுப்பு வெள்ளைல சுதந்திர தேவி சிலை கலங்கலா, தண்ணிக்கும் மேகத்துக்கும் நடுவுல மிதக்கற மாதிரி ஒரு போட்டோ இருக்கும், அந்த படம் இந்த டிராக்குக்கு தான் ரொம்ப பொருத்தம். 'ரெட்ரோஃபிட்' வேகமா கலகலன்னு போகும், கடைசில 'என்ட்ரஸ்ட்மெண்ட்' அமைதியா முடிக்கும்.

தமிழ் ஆளு வாசிக்கறாருன்னு சொன்னதும் நண்பர்கள் கேக்கறது, அப்ப கர்நாடக சங்கீதம் இருக்குமா? இந்த ஆல்பத்துல ராகத்தை தேடாதீங்க, கிடைக்காது, கிடைக்கணும்னும் இல்ல. அவரு கறுப்பின அமெரிக்க இசைக்குள்ள முழுசா வாழ்ந்து வளர்ந்தவரு, பியானிஸ்ட் தெலோனியஸ் மங்க்கும் கோல்ட்ரேனும் ஜெரி ஆலனும் அவரோட குரு வரிசை, அதை அவரே எப்பவும் மரியாதையோட சொல்றவரு. கர்நாடக சங்கீதத்தோட நேரா சேர்ந்து பண்ணது வேணும்னா 2011ல வந்த 'தீர்த்தா' இருக்கு, கிதார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கற பிரசன்னா, தபலாவுல நிதின் மித்தா, அது அருமையான தனி உலகம். 'அனீஸி'ல நம்ம காதுக்கு சொந்தமா படறது லயம் தான், கணக்கு வெளிய துருத்தாம உள்ளேயே ஓடறது.

எதுல கேக்கறதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நான் சொன்ன பேஸ் விஷயம் இதுல தான் நிக்குது. டபுள் பேஸோட கடைசி கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ்ல இருக்கு, போன் ஸ்பீக்கராலயும் லேப்டாப்பாலயும் அதை குடுக்கவே முடியாது, அதுல கேட்டா லிண்டா இல்லாத ஆல்பத்தை தான் கேக்கறீங்க. காதுக்குள்ள நல்லா அடைச்சு உக்கார்ற இயர்போன் இருந்தா விலை கம்மியா இருந்தாலும் போதும். பேஸ் பூஸ்ட் இருந்தா அணைச்சிடுங்க, அதுல சுரம் எல்லாம் குழம்பி வெறும் உறுமல் ஆயிடும். நான் ரொம்ப நாள் ஸ்ட்ரீமிங்ல ஹெட்போன்ல கேட்டுட்டு அப்புறம் சிடி வாங்கி சின்ன ஸ்பீக்கர்ல போட ஆரம்பிச்சேன், ஸ்பீக்கரை சுவத்துலேருந்து நல்லா தள்ளி வச்சதும் பேஸ் சுரம் சுரமா பிரிஞ்சு கேட்டுச்சு. கார்ல சரிப்படாது, ரோடு சத்தமும் பேஸும் ஒரே இடத்துல மோதிக்கும், சோரியோட லேசான சிம்பல் வேலை எல்லாம் காணாம போயிடும். சத்தத்தை பாட்டுக்கு பாட்டு சமமாக்கற செட்டிங் ஆப்ல இருந்தா அதையும் எடுத்துடுங்க, 'ஆகரி' அடங்கி இருந்து 'கான்ஃபிகரேஷன்ஸ்' எழும்பறது தான் அந்த இடத்தோட அழகே.

குறைன்னா, நீளம். ஒரு மணி நேரத்தை தாண்டி ஓடுது, பத்து டிராக்கையும் ஒரே உக்கார்ல கேக்க மனசும் நேரமும் எப்பவும் அமையாது, நான் பெரும்பாலும் 'டிரம்மர்ஸ் சாங்' வரைக்கும் ஒரு பாதி, 'ஆகரி'லேருந்து இன்னொரு பாதின்னு பிரிச்சு தான் கேக்கறேன், அப்படி கேக்கறப்ப ரெண்டாவது பாதிக்கு கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்குது. இன்னொண்ணு ஆல்பத்தை வெளியிட்ட ஈ.சி.எம் கம்பெனிக்கே உரிய அந்த எதிரொலி, அந்த கம்பெனியை ஆரம்பிச்ச மான்ஃப்ரெட் ஐகர் விஜய் ஐயரோட சேர்ந்து தயாரிச்சது, பியானோவுக்கு அது சுகமா இருக்கு, ஆனா டிரம்ஸ் இன்னும் கொஞ்சம் கிட்ட, வறட்சியா இருந்திருந்தா 'காம்பாட் ப்ரீதிங்' இன்னும் அறைஞ்சிருக்கும்னு எனக்கு தோணும். பழைய ட்ரியோவோட அந்த முறுக்கு வேணும்னு வர்றவங்களுக்கு முதல்ல ஏமாத்தமா கூட இருக்கலாம், அவங்க 'ரெட்ரோஃபிட்'டுலேருந்து பின்னாடி போகட்டும்.

தனியா ஒரு தடவை பண்ணிட்டு கலைஞ்சு போற செட்டா இது ஆகிடக்கூடாதேன்னு எனக்கு கவலை இருந்துச்சு, நல்ல வேளையா அப்படி ஆகல. அதே மூணு பேரு, அதே ஸ்டுடியோ, 2022ல ரெக்கார்ட் பண்ணி 2024 பிப்ரவரில 'கம்பேஷன்' வந்துச்சு, அதுல கடைசி டிராக்ல சாக்ஸபோன்காரர் ஜான் ஸ்டப்பிள்ஃபீல்டோட பாட்டு ஒண்ணோட கோத்து 'டிரம்மர்ஸ் சாங்'கை திரும்ப வாசிச்சிருக்காங்க. ரெண்டையும் கேட்டா, அனீஸில மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சு கவனிச்சு அடி எடுத்து வைக்கறாங்க, கம்பேஷன்ல பழகின கை, யோசிக்காமலே போகுது. எனக்கு இன்னும் அனீஸில இருக்கறது தான் ஒரு படி மேல. அந்த கவனிப்பு தான் எனக்கு வேணும், அது அதுல தான் நிறைய இருக்கு.